அஞ்சலிக்கு ஒரு ஸ்டார்

போன வாரம் ஆபீஸ்ல இருந்து நந்தினி வீட்டுக்கு வந்திருந்தா. நான் ரிட்டயர் ஆனதுல இருந்து என் சீட்ல உக்காந்து வேலை பாக்கறவ அவதான். கையில ஒரு சீப்பு வாழைப்பழம், மூஞ்சில ஊருப்பட்ட கவலை. காபியை ஆத்திக் குடுக்கறதுக்குள்ள மனசுல இருந்ததைக் கொட்டிட்டா.

"அக்கா, இனிமே ஜனங்க மேப்பையே தெறந்து பாக்க மாட்டாங்களாம். போன் கிட்ட வாயால கேட்டா அதுவே 'இந்தக் கடைக்குப் போ'ன்னு சொல்லிடுதாம். அப்ப நமக்கு இன்னாக்கா வேலை?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்தப் பொலம்பலை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்! கடை நம்பர் எல்லாம் போட்டு, தலகாணி சைஸுக்கு மஞ்சக் கலர்ல ஒரு டெலிபோன் புத்தகம் வரும். அதுக்கு விளம்பரம் பிடிக்கத்தான் நான் முதல்ல வேலைக்குச் சேர்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பூரா செருப்பு தேய நடந்திருக்கேன். அந்தப் புத்தகம் நின்னப்ப, "மல்லிகா, போச்சு, உன் பொழப்பு காலி"ன்னாங்க. அப்புறம் போன் பண்ணிக் கேட்டா கடை நம்பர் சொல்ற கம்பெனி. காதுல ஹெட்போனை மாட்டிக்கினு நாள் பூரா பிளம்பர் நம்பரும் பல் டாக்டர் நம்பரும் சொன்னேன். அதுவும் போச்சு. அப்பவும் பொழப்பு காலின்னாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் போன்ல கடையையும் வழியையும் காட்டற இந்த மேப். புத்தகம் மாறுச்சு, மிஷின் மாறுச்சு, நான் பண்ணது கடைசி வரைக்கும் ஒரே வேலைதான். தேடறவங்களையும் கடையையும் சேத்து வெக்கறது. கல்யாணத் தரகர் வேலைன்னு வெச்சுக்குங்களேன். பொண்ணோட குறையை மறைக்கவும் கூடாது, இல்லாத அழகைச் சொல்லவும் கூடாது.

"உக்காருடி. பட்டாபிராம் புஷ்பா கதை உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். தெரியாதுன்னா. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன். நடுவுல கொஞ்சம் பெருமை அடிச்சுக்குவேன். அதுக்கு எனக்குப் பாத்தியதை இருக்கு.

எங்க ஆபீஸ் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு மெஸ்ஸுக்கு மேல மாடி. மதியம் நெருங்கிட்டா கீழ தாளிக்கற வாசனைக்கு ஒருத்தருக்கும் வேலை ஓடாது. வேலை இன்னான்னா, சின்னச் சின்னக் கடைக்காரங்க கடையை மேப்புல சரியா ஏத்தி விடறது. யாராவது போன்ல 'பக்கத்துல பார்லர்'னு தேடினா, வர்ற லிஸ்ட்டுல நம்ம கடை மேல நிக்கணும். எனக்குன்னு ஒதுக்கினது சலூனும் பார்லரும். அம்பத்தூர்ல இருந்து ஆவடி, பட்டாபிராம், அந்தாண்ட பூந்தமல்லி வரைக்கும் கத்திரி சத்தம் கேக்கற கடை எல்லாம் என் கணக்கு.

முதலாளி ஞானசேகரன் சார். அளந்து பேசற மனுஷன். அவர் கிட்ட ஒரு விசேஷம், கோவம் ஏற ஏற மரியாதையும் ஏறும். குஷியா இருந்தா 'மல்லிகா'. வேலை கொஞ்சம் சொதப்பினா 'மல்லிகாம்மா'. உள்ள கொதிக்குதுன்னா, 'வாங்க மேடம், உக்காருங்க மேடம்'. மேடம்னு கூப்டாலே நாங்கெல்லாம் ஆளுக்கொரு பைலைத் தூக்கிக்கினு நழுவிடுவோம்.

புதுசா ஒரு கடை வந்தா கம்ப்யூட்டரைத் தொடவே விட மாட்டாரு. முதல்ல கடைக்குப் போகணும். ஸ்டேஷன்ல எறங்கி, கடைக்காரர் எழுதிக் குடுத்த அட்ரஸை அப்படியே ஆட்டோக்காரர் கிட்டச் சொல்லணும். அவர் "எங்கம்மா அது?"ன்னு திருப்பிக் கேட்டா அட்ரஸ் உதவாது, 'தண்ணி டேங்க் எதிர்ல'ன்னு அவர் எதைச் சொல்றாரோ அதையும் சேத்து எழுதணும். கடைக்குள்ள போயி, ஒருத்தருக்கு முடி வெட்டி முடியற வரைக்கும் வாயை மூடிக்கினு பெஞ்சுல உக்காரணும். வர்றவங்க கடையை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு காதுல வாங்கணும். வெளிய போறவங்க கிட்ட, "இந்தக் கடை உங்களுக்குத் தெரியாதுன்னா போன்ல என்னன்னு அடிச்சுத் தேடுவீங்க?"ன்னு கேக்கணும். "போர்டுல இருக்கறது ஓனர் ஆசைப்பட்ட பேரு. ஜனங்க வாயில இருக்கறதுதான் கடையோட பேரு"ம்பாரு சார். இதெல்லாம் முடிச்சுட்டு வந்தாத்தான் சிஸ்டத்தை ஆன் பண்ணலாம்.

இப்படிப் போய் உக்காந்ததுல நான் முதல்ல பேர் வாங்கினது பாரிவாக்கத்துல. ஒரு சலூன்காரரு மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு வந்தாரு. ஞாயித்துக்கிழமை கூட்டம் படுத்துடுச்சாம். பெஞ்சுல உக்காந்த கொஞ்ச நேரத்துல எனக்கு வெளங்கிடுச்சு. நம்ம பக்கம் சலூனுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. ஞாயிறுதான் வியாபாரமே. அவருக்கு முன்னாடி மேப்புல ஏத்திக் குடுத்தவன் எந்த ஊருக்காரனோ, ஏசியில உக்காந்துக்கினு 'ஞாயிறு விடுமுறை'ன்னு போட்டுட்டான். ஜனங்க போனைப் பாத்துட்டு 'மூடியிருக்கு'ன்னு வேற கடைக்குப் போறாங்க. இவரு சீப்பைக் கையில வெச்சுக்கினு ரோட்டைப் பாத்துக்கினு இருக்காரு! கிழமையை மாத்தி விட்டேன். அடுத்த ஞாயிறு எப்படிப் போச்சுன்னு கேக்க போன் பண்ணா மனுஷன் எடுக்கல. எடுக்க நேரமில்ல. அன்னைக்கு சார் என்னை வாய் நிறைய 'மல்லிகா'ன்னாரு.

சரி, புஷ்பா கதைக்கு வரேன்.

தீபாவளி முடிஞ்ச சமயம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்னா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ஸ்டேஷன் பக்கம் 'ஏகா மென்ஸ் சலூன்'னு ஒரு கடை. வீட்டுக்காரர் ஏகாம்பரம் வெச்சது. அவரு அந்த வருஷம் ஆடியில மாரடைப்புல போயிட்டாரு. புஷ்பா அதுவரைக்கும் வீட்லயே பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பொம்பளைங்களுக்குப் புருவம் எடுக்கறது, கல்யாணப் பொண்ணுக்குத் தலை அலங்காரம் பண்றதுன்னு இருந்தவ. வீட்டுக்காரர் போனப்புறம் கடை நடுவுல பிளைவுட் தடுப்பு வெச்சு, ஒரு பக்கம் ஆம்பளைங்களுக்குக் கொழுந்தன் பாபு முடி வெட்டறான், இந்தாண்ட இவ பார்லர் நடத்தறா. பாபு அண்ணன் கிட்டயே தொழில் கத்தவன்.

"அக்கா, கூட்டமே இல்லக்கா. பழைய ஆளுங்க ஒண்ணு ரெண்டு வராங்க. புது பிளாட்டெல்லாம் வந்திருக்கு, அங்கருந்து ஒருத்தர் கூட வரல. தை பொறந்து முதல் முகூர்த்தம் வரைக்கும் பாப்போம், ஓடலன்னா கடையை மொபைல் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டுடலாம்னு மாமியார் சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. புள்ளையைப் பறிகொடுத்தவங்க, அந்தக் கடையைப் பாத்தாலே அழறாங்க. ஆனா எனக்கு அந்தக் கடைதான்க்கா எல்லாம்."

மிச்ச ஐப்பசி, கார்த்திகை, அப்புறம் முகூர்த்தமே இல்லாத மார்கழி. அதான் அவளுக்கு இருந்த அவகாசம்.

மேப்புல கடையைத் தேடி எடுத்தேன். எடுத்தவ அப்படியே உக்காந்துட்டேன். கடையோட முதல் படமே 'கண்ணீர் அஞ்சலி' பேனர். ஏகாம்பரம் மாலையோட இருக்காரு. கீழ ரிவ்யூ. 'ஆழ்ந்த இரங்கல்', ஒரு ஸ்டார். 'அண்ணா உன்னை மறக்க மாட்டோம்', ஒரு ஸ்டார். 'ஏகாம்பரம் தம்பி ஆன்மா சாந்தி அடையட்டும்', ஒரு ஸ்டார். தள்ளத் தள்ள வருது, அத்தனையும் ஒரு ஸ்டார். கடை மதிப்பு ரெண்டுக்குக் கீழ போய் பாதாளத்துல கிடக்கு. சிரிக்கறதா அழறதான்னு தெரியாம முழிச்சேன்.

புஷ்பா தலையைக் குனிஞ்சுக்கினு கேட்டா. "நெமிலிச்சேரி பிளாட்ல ஒரு அம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு எங்கிட்ட பேசி வெச்சிருந்தாங்க. வழி பாக்க மேப்பைத் தெறந்தாங்களாம். மாலை போட்ட படத்தைப் பாத்துட்டு, 'வேணாம்மா, தப்பா எடுத்துக்காத'ன்னு போனை வெச்சுட்டாங்க. அதைக்கூட விடுங்கக்கா. இவங்க எல்லாம் அவரு கிட்ட வருஷக்கணக்கா வெட்டிக்கினவங்க. அவரு மேல இவங்களுக்கு அப்படி என்னக்கா கோவம்?"

"இருடி, கண்டுபிடிக்கறேன்"னு அடுத்த ட்ரெயினைப் பிடிச்சு அவளோடயே கடைக்குப் போனேன். பாபு ஒருத்தருக்கு ஷேவிங் பண்ணிக்கினு இருந்தான். விசாரிச்சேன்.

"யக்கா, படத்தைப் போட்டது நாந்தான்"னான். "அண்ணன் போனதுக்கு கடை வாசல்ல பேனர் கட்னோம். போன்லயும் நம்ம கடை கீது, அங்க மட்டும் கட்டாம உட்டா நல்லாவா இருக்கும்? அதான் ஏத்துனேன். எல்லாரும் அதுங்கீழ அஞ்சலி எழுதுங்கன்னு குரூப்புல சொன்னேன்."

"சரிப்பா, அதுக்கு ஏன் ஒரு ஸ்டாரு?"

"ஸ்டாரே வாணாம்னுதான் பாத்தோம். ஸ்டாரை அமுக்காம எழுத உட மாட்டேங்குது. அதான் இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு வெச்சோம். சாவுக்குப் போயி அஞ்சு ஸ்டார் குடுப்பாங்களா? இன்னாக்கா நீ, படிச்சவ மாதிரியா பேசற?"

ஷேவிங் பண்ணிக்கினு இருந்தவரு சோப்பு நுரையோட தலையாட்டினாரு. அவரும் ஒரு ஸ்டார் போட்டவராம். அந்த ஊரே ஒரு மனுஷன் மேல வெச்ச பாசத்தை, மிஷின் காறித் துப்பினதா எடுத்துக்கிச்சு. யாரைத் திட்டறது?

அதோட போகல. மேப்புல ஒவ்வொரு கடைக்கும் 'இது என்ன வகைக் கடை'ன்னு ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் கடை ஆம்பளைங்க முடிதிருத்தகம்னே கிடந்துச்சு. பெஞ்சுல உக்காந்து, வந்த பொம்பளைங்களைக் கேட்டேன். சேலத்துக்காரங்க, தேனிக்காரங்க, குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவங்க, எல்லாரும் 'லேடீஸ் பார்லர்'னுதான் அடிப்பாங்களாம். அப்படித் தேடறவங்க கண்ணுல இந்தக் கடை எந்த ஜென்மத்துலயும் படாது.

ஆபீஸ்க்கு வந்து சார் கிட்டச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கினே கேட்டாரு. "சிம்பிள், மல்லிகாம்மா. பழசை மூடுங்க. அதே இடத்துல புதுக் கடைன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிங்க. ஒரு ஸ்டாரும் கிடையாது, மாலையும் கிடையாது. தைக்குள்ள கடை மேல வந்துடும்."

எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. புஷ்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அக்கா, பழசை மூடினா அங்க என்ன காட்டும்?"

"'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு சிவப்புல காட்டும்."

"அவரு பேருக்குக் கீழயா?"

"ஆமாடி."

"நான் தெறந்துதானேக்கா வெச்சிருக்கேன்? காலையில வெளக்கு ஏத்தி, அவரு நாற்காலியைத் தொடைச்சுத்தானே தொழில் ஆரம்பிக்கறேன்? மூடிட்டாங்கன்னு நீங்களே எழுதுவீங்களா? அந்த எழுத்தெல்லாம் போயிடும்ல. அவரைப் பத்தி இத்தனை பேர் எழுதினது வேற எங்கயும் இல்லக்கா."

போனை வெச்சுட்டு நேரா சார் ரூமுக்குப் போனேன். "பழசை மூட மாட்டேன் சார்"னேன்.

"வாங்க மேடம். உக்காருங்க மேடம்." மேடம் ஆயிட்டேன். ஆனாலும் நவுரல. "உங்களுக்குக் கடை ஓடறது முக்கியமா, கண்ணீர் முக்கியமா மேடம்?"

"ரெண்டும் ஒரே கடைக்குள்ள இருக்கு சார். ஒண்ணை மட்டும் தூக்கி வெளிய போட முடியாது. அந்தக் கடையில குறையே கிடையாது. எழுதினவங்க அத்தனை பேரும் அவரு கிட்ட நிஜமா முடி வெட்டிக்கினவங்க. ஸ்டாரு மட்டும்தான் பொய். அதைத் திருத்தினாப் போதும்."

"ஒவ்வொருத்தர் வீடா போயித் திருத்துவீங்களா மேடம்?"

"போவேன் சார்."

"தைக்குள்ள நடக்கலன்னா, அந்தப் பொண்ணு கிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும் மேடம்"னு பேப்பரை எடுத்துக்கினாரு. அதான் அவரு குடுத்த பர்மிஷன்.

முதல் வேலை, படம். பேனர் படத்தை ஏத்தின பாபுவையே எடுக்கச் சொன்னேன். அதுக்குப் பதிலா எதைப் போடறதுன்னு புஷ்பாதான் தேடிக் குடுத்தா. ஏகாம்பரம் யாருக்கோ முடி வெட்டிக்கினே கண்ணாடியில பாத்துச் சிரிக்கறாரு, பின்னாடி வாசல்கிட்ட அவ நிக்கறா. "மாலை இல்லாத படம் இதான்க்கா"ன்னா. கண்ணுல தண்ணி, மூஞ்சில சிரிப்பு. அதுவே முதல் படம் ஆச்சு.

அப்புறம் போர்டுல 'மென்ஸ்'ங்கறதை எடுத்துட்டு 'ஏகா சலூன் – லேடீஸ் பார்லர் உண்டு'ன்னு எழுதினோம். மேப்புலயும் பேரை, வகையை மாத்தினேன். மாத்தினதும் மேப்புக்காரன் பிடிச்சுக்கினான். கடை நிஜமா இருக்கா, நடத்தறது நீதானான்னு வீடியோ எடுத்து அனுப்பணும். தெருவைக் காட்டணும், போர்டைக் காட்டணும், ஓனர் தன் கையால சாவி போட்டுத் தெறந்து உள்ள போறதைக் காட்டணும். எல்லாம் ஒரே மூச்சுல, நடுவுல வெட்டக் கூடாது.

கடைக்கு எதிர்ல பாதுகாப்பு வளாகத்து மதில். 'படம் எடுக்கத் தடை'ன்னு அதுல பெருசா எழுதியிருக்கு. பாபு போனைத் தூக்கினானோ இல்லையோ, கேட்ல இருந்து காவல்காரர் ஓடி வந்து இந்தியில கத்த ஆரம்பிச்சுட்டாரு. பாபுவுக்கு அதுல 'நஹி' மட்டும்தான் புரிஞ்சுது. "யக்கா, உள்ள தூக்கி வெச்சுருவானுங்கோ, வா ஊட்டுக்குப் போலாம்"னு என் முதுகுக்குப் பின்னாடி பதுங்கிட்டான். நான் போயி, தெரிஞ்ச இந்தியில பாதி, கையைக் காட்டிப் பாதி, வெவரத்தைச் சொன்னேன். அவரு புஷ்பாவைப் பாத்தாரு, போர்டைப் பாத்தாரு. முதுகை மதிலுக்குக் காட்டிக்கினு கடைப் பக்கம் மட்டும் எடுங்கன்னு சைகை பண்ணாரு. அதோட போகாம, எங்க பக்கத்துலயே நின்னு மதில் படத்துல விழுதான்னு வேற பாத்துக்கினாரு.

பாபு எடுத்தான். தெரு, போர்டு, அப்புறம் புஷ்பா. சாவியைப் போட்டுத் திருப்பினா. ஷட்டரைத் தூக்கணும். ஏகாம்பரம் இருந்த வரைக்கும் அவருதான் தூக்குவாரு, அப்புறம் பாபு. பழைய ஷட்டர், மழையில துரு ஏறினது. பாதியில சிக்கிடுச்சு. நடுவுல வெட்டக் கூடாதே! பாபு போனைப் பிடிச்சுக்கினே "அண்ணி, உடு, நான் வரேன்"னான். "நீ புடிடா!"ன்னு ஒரு அதட்டு அதட்டினா பாருங்க. முந்தானையை இழுத்துச் சொருகி, குனிஞ்சு தோளைக் குடுத்து ஒரே தூக்கு. கடகடன்னு மேல போச்சு. காவல்காரர் கையைத் தட்டிட்டாரு. அந்த வீடியோ ஒரே தடவையில பாஸ் ஆச்சு.

மிச்சம் இருந்தது ஸ்டாரு. பாபு என் காதுல வந்து ஓதினான். "யக்கா, காசு குடுத்தா கொத்துக் கொத்தா அஞ்சு ஸ்டார் போட்றானுங்களாம்." நான் எகிறிட்டேன். "அடிங்க! பொய் ரிவ்யூன்னு மேப்புக்காரன் மோப்பம் புடிச்சான்னா மொத்தத்தையும் வழிச்சுப் போட்டுடுவான். உங்கண்ணனுக்கு எழுதின அஞ்சலியும் சேந்து போகும், பரவால்லியா?" போனைப் பாக்கெட்டுல போட்டுட்டான். என் சர்வீஸ்ல ஒரு பொய் ரிவ்யூ போட்டதில்ல. இதை எங்க வேணா நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்.

துக்கம் வருஷம் திரும்பாம புஷ்பா நாலு வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அதனால நானும் பாபுவும் போனோம். குவார்ட்டர்ஸ், ஆட்டோ ஸ்டாண்ட், சாயங்கால ட்ரெயின் வந்து எறங்கற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசல். எல்லார் கிட்டயும் ஒரே பேச்சுதான். "நீங்க எழுதினதுல ஒரு எழுத்தைத் தொட வேணாம். அப்படியே இருக்கட்டும். ஆனா அந்த ஸ்டாரு சாவுக்கு இல்லங்க. அவரு வெட்டினதுக்கு. அவரு எப்படி வெட்டுவாரு, அதுக்கு எவ்ளோ குடுக்கணும்னு தோணுதோ குடுங்க." அஞ்சு குடுங்கன்னு நான் கேக்கல. ஒருத்தர் மூணு குடுத்தாரு, "வெட்டு நல்லாருக்கும், ஆனா ரொம்ப நேரம் உக்கார வெச்சுடுவாரு"ன்னு. சரிங்கன்னுட்டு வந்தோம். ஜனங்க மாத்தினாங்க. ஆனா பாதிப் பேருக்கு மேல ஒரே பதில். "தாமோதரன் சார் மாத்தட்டும், நாங்களும் மாத்தறோம்." முதல் அஞ்சலி எழுதினவரு அவருதானாம். அவரைப் பாத்துத்தான் மத்தவங்க ஒண்ணு போட்டது.

தாமோதரன் சார் பாதுகாப்புத் தொழிற்சாலையில ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. திருநெல்வேலிக்காரர். அந்த வட்டாரத்துல அவரு சொன்னா மறு பேச்சு கிடையாது. ஈஸி சேர்ல சாஞ்சுக்கினு நான் சொன்னதைக் கேட்டாரு.

"என்னம்மா பேசுதிய? செத்தவனுக்கு எழுதினதைக் கை வச்சுத் திருத்தச் சொல்லுதியளா? அது கல்வெட்டு மாதிரிம்மா. தொடப்பிடாது."

"எழுத்தை வேணாம் சார். உங்களுக்கு அவரு எப்படி வெட்டுவாருன்னு மட்டும் சொல்லுங்க."

பெரியவரு கை தானா பின்மண்டைக்குப் போச்சு. "இங்கன ஒரு தழும்பு இருக்கு. ஃபேக்டரியில அடிபட்டது. அன்னையில இருந்து அதுக்குக் கூச்சப்பட்டு குனியவே மாட்டேன். அவன் முதல் தடவ பாத்தான். ஒரு வார்த்த கேக்கல. அந்த எடத்துல மட்டும் முடியை விட்டு, மூடுத மாதிரி வெட்டினான். போற வரைக்கும் அப்படித்தான் வெட்டினான். இன்னைக்கு வரைக்கும் ஒரு பய அந்தத் தழும்பைப் பாத்ததில்ல."

பாபு அழுதுட்டான். நானும்தான். ஆனா பெரியவரு அசையல. "யோசிக்கேன், போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு.

மார்கழி முடியப் போவுது. கடை பாதிக் கெணறு தாண்டி நிக்குது. லேடீஸ் பார்லர்னு தேடினா இப்ப வருது, ஆனா ஸ்டாரைப் பாத்துட்டு ஜனங்க அடுத்த கடைக்குப் போறாங்க. மொபைல் கடைக்காரன் வந்து செவுரை அளந்துட்டே போயிட்டானாம். சார் தினமும் "என்ன மேடம்?"னு மட்டும் கேப்பாரு. எனக்குச் சோறு எறங்கல.

போகிக்கு முன்ன நாள் புஷ்பா போன் பண்ணா. "அக்கா, தாமோதரன் சார் வீட்டம்மா வந்து உக்காந்திருக்காங்க. தை முதல் முகூர்த்தத்துல அவங்க பொண்ணுக்குக் கல்யாணமாம். என்னையே அலங்காரத்துக்குக் கேக்கறாங்க. நான்தான் சொன்னேன், 'அம்மா, நான் இப்படி இருக்கேன், உங்க சொந்தக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க'ன்னு. அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? 'என் வீட்டுக்காரரு மானத்தை வருஷக்கணக்கா மூடிக் காப்பாத்தின கை உன் புருஷன் கை. அவன் பொண்டாட்டி கை என் பொண்ணு தலையில படறதுக்கு எவ என்ன சொல்லுதான்னு நானும் பாக்கேன்'னாங்கக்கா."

போன்ல ரெண்டு பேரும் அழுதோம். கீழ மெஸ்காரம்மா என்னமோ ஏதோன்னு மாடிக்கே வந்துட்டாங்க.

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் தாமோதரன் சார் ஸ்டாரை மாத்தினாரு. அஞ்சு. எழுதினதுல ஒரு எழுத்தை அழிக்கல, கீழ ரெண்டு வரி சேத்திருந்தாரு. அவ்ளோதான், மடை தெறந்த மாதிரி குவார்ட்டர்ஸ் மொத்தமும் மாத்துச்சு. அடுத்த முகூர்த்தத்துக்கே பிளாட்டுல இருந்து பொண்ணுங்க வர ஆரம்பிச்சாங்க. மாமியார் மொபைல் கடைக்காரனைத் திருப்பி அனுப்பிட்டு, கடை வாசல்ல வந்து உக்காந்து பூ கட்டினாங்க. கல்யாணப் பொண்ணுங்க தலைக்கு வெக்கற பூவை இன்னைக்கு வரைக்கும் அவங்கதான் கட்டித் தராங்க.

சார் கிட்டப் போய் நின்னேன். மேப்பைத் தெறந்து ஒண்ணு விடாம படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. "உக்காரு மல்லிகா"ன்னாரு.

இவ்வளவும் கேட்டுட்டு நந்தினி மூக்கை உறிஞ்சினா. "நல்லாதான்க்கா இருக்கு. ஆனா அதெல்லாம் மேப்பைத் தெறந்து படிக்கற காலம். இப்ப யாரு படிக்கறாங்க?"

"உன் போனைக் கேளேன், பாப்போம்"னேன். "கடை பேரைச் சொல்லாத."

போனை வாய் கிட்ட வெச்சுக்கினு கேட்டா. "பட்டாபிராம் பக்கத்துல கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் நல்லா பண்ற கடை எது?"

அது பாட்டுக்கு முதல்ல ஆவடியில ஒரு பெரிய கடை பேரைச் சொல்லுச்சு. நந்தினி என்னை ஓரக்கண்ணால பாத்தா. ரெண்டாவதா, பாட்டும் இல்ல, ராகமும் இல்ல, அந்தச் செய்தி வாசிக்கற குரல்ல சொல்லுச்சு:

"ஏகா சலூன். வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஏகாம்பரம் தம்பி ஆன்மா சாந்தி அடையட்டும். என் மகள் கல்யாணத்துக்கு அவன் மனைவிதான் அலங்காரம் செய்தாள். தம்பி இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பான்."

நந்தினி வாயைப் பொத்திக்கினா. போன் ஒரு நொடி நின்னுட்டு மிச்சத்தையும் சொல்லுச்சு.

"இந்தக் கடை இப்போது திறந்திருக்கிறது."